பிடிச்சப்புறம்தான் மருந்து

பினாங்குத் தீவில் வந்து இறங்கிய திங்கட்கிழமை காலையில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு கட்டில். கிடைத்தது ஒரு பிரம்பு நாற்காலி. அறை பகல் இரண்டு மணிக்குத்தான் தயாராகும் என்று விடுதி வரவேற்பில் இருந்த சீனப் பெண் சிரித்த முகமாகச் சொன்னாள். அவ்வளவு அழகாகச் சிரிக்கிறவளிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பெட்டியின் மேல் காலை நீட்டி, மின்விசிறிக்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டேன். வெள்ளைக்காரர் ஒருவர் என் காலைத் தாண்டிப் போகும்போது மன்னிப்புக் கேட்டது மட்டும் அரைகுறையாகக் காதில் விழுந்தது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கு வருகிறவர்கள் பழைய கடைவீடுகளையும் சுவரில் வரைந்த படங்களையும் பார்க்க வருகிறார்கள். என்னை எலி பார்க்க அனுப்பியிருந்தார்கள்.

சென்னையில் ஒரு மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பதினெட்டு வருஷமாக இதே வேலை. புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிக் கொடுப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எலியின் பிடரித் தோலை இறுக்கிப் பிடித்து, தலையை நிமிர்த்தி, முனையில் குமிழ் வைத்த எஃகுக் குழாய் ஒன்றை வாய் வழியாக இரைப்பை வரைக்கும் இறக்கி மருந்தைச் செலுத்த வேண்டும். பழகிய கைக்குச் சில விநாடி வேலை. எலிக்கு அது எவ்வளவு நேரமாகத் தோன்றும் என்று எனக்குத் தெரியாது. தினமும், ஒவ்வொன்றுக்கும், மாதக்கணக்கில் இப்படி. போன வருஷம் ஒரு நாள் குழாய் வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் போய், ஒரு எலி என் கையிலேயே அடங்கிவிட்டது. எப்போதாவது நடக்கிறதுதான் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை.

இதற்கு மென்மையான வழி ஒன்று இருக்கிறது. டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பாலைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, அதில் மருந்தைக் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து நீட்டினால் எலி தானே நக்கிக் குடித்துவிடும். இயக்குநரிடம் மாதக்கணக்கில் மன்றாடி இதற்கு அனுமதி வாங்கியது நான்தான். எங்களோடு சேர்ந்து அதே ஆய்வைச் செய்யும் பினாங்கு ஆய்வகத்துக்குச் செய்முறையைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அங்கே எலிகள் போட்டி போட்டுக்கொண்டு நக்குவதாகச் செய்தி வந்தது. என் எலிகள் ஒன்றுகூட நக்கவில்லை. முதல் நாள் வாயில் பட்டதும் துப்பின. மோவாயைக் கூண்டிலிருந்த உமியில் தேய்த்துக்கொண்டு, மூலைக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டன. அதற்குப் பிறகு சிரிஞ்சைக் கண்டாலே ஓட்டம்தான்.

“நேரா போய்ப் பாருங்க வசந்தி. என்ன வித்தியாசம்னு வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிங்க. இல்லேன்னா அடுத்த திங்கள்ல இருந்து இருபத்துநாலு எலிக்கும் பழையபடி குழாய்தான்,” என்றார் இயக்குநர். நல்ல மனிதர்தான். அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆக, எனக்கு இருந்தது ஐந்து நாள். அதில் ஒரு நாளை நாற்காலியில் தூங்கியே கழித்தேன்.

பசி காதை அடைத்த பிறகு எதிர்ச்சாரியில் இருந்த நாசி கண்டார் கடைக்குப் போனேன். சோற்றைத் தட்டில் போட்டு, மீன் குழம்பு, கறிக் குழம்பு, பருப்பு என்று இருக்கிற அத்தனை சட்டியிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துத் தலையோடு ஊற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் சாம்பாரோடு வத்தக்குழம்பு ஒட்டினாலே முகத்தைச் சுளிப்பார் என் கணவர். இங்கே எல்லாக் குழம்பும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. ருசி அபாரம்.

பரிமாறியவர் என்னைப் பார்த்து, “தண்ணி என்னாக்கா?” என்றார்.

“தண்ணிதான்,” என்றேன்.

“அதான்க்கா, என்னா தண்ணி?”

எங்கள் ஊரில் ஓர் ஆண் ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்டால் செருப்பு பறக்கும். இங்கே தேநீர், காப்பி, பழரசம் எல்லாமே தண்ணிதான் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. “குடிக்கிற சாதாரணத் தண்ணி,” என்றேன். “ஓ, வெறுந்தண்ணியா? வெறுந்தண்ணி குடிக்கவா அவ்ளோ தூரத்துல இருந்து வந்தீங்க? தே தாரே போடுறேன் லா,” என்று இந்த ஊர் ‘லா’வையும் ஒட்டிச் சொல்லி, ஆற்றி நுரை தள்ளிய தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். கெட்டிப்பால் போட்ட தேநீர். ஒரு வாய் குடித்ததுமே எனக்கு எலி ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்காரிக்கு விடிவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வாடகைக் கார் பிடித்தேன். ஆய்வகம் இருப்பது தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜுருவில், தொழிற்சாலைகளுக்கு நடுவே. ஓட்டுநர் ஐம்பது வயதுத் தமிழர். நான் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் பார்த்து, “பசியாறிட்டீங்களா?” என்றார். காலை ஆறரை மணிக்கு இவ்வளவு பெரிய கேள்வியா என்று திகைத்தேன். அவர் கேட்டது காலைச் சாப்பாடு ஆயிற்றா என்றுதான். இல்லை என்று தலையை ஆட்டியதோடு சரி. பாலத்தின் நெரிசலில் வண்டி ஊர்ந்த சுகத்தில் மறுபடியும் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது வண்டி ஒரு ரயில் நிலையத்துக்கு எதிரே நின்றிருந்தது. “இது ஜுருவா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா, இது புக்கிட் மெர்தாஜாம். போன்ல பேசிக்கிட்டே வந்தேனா, திரும்ப வேண்டிய எடத்த விட்டுட்டேன். நீங்க வேற அசந்து தூங்குனீங்க. எழுப்பிக் கேக்க மனசு வரல லா.”

வழி தவறியதற்கும் என்னை எழுப்பாததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் இறங்கிப் போய் எனக்குத் தோசை வாங்கி வந்துவிட்டார். “நீங்க இன்னும் பசியாறல இல்ல? மொதல்ல அத முடிங்க. காடி எங்கயும் ஓடிப்போயிடாது,” என்றார். காடி என்றால் கார். காருக்குள் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை விரித்து, சட்னி சேலையில் வழிய வழிய அந்தத் தோசையைத் தின்றேன். திட்ட வேண்டிய ஆளுக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒன்றரை மணி நேரம் தாமதமாக ஆய்வகத்தில் போய் இறங்கினேன்.

அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்கிறவள் பரிதா. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருக்கும் தமிழ் முஸ்லிம் பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள் இருக்கும். நேரில் பார்த்ததில்லையே தவிர, நாங்கள் பேசிப் பழகியவர்கள்தான். ஆங்கிலத்தில் அனுப்பிய செய்முறைத் தாள் குழப்பமாக இருக்கிறது என்று அவள் கேட்டதால், தமிழிலேயே சொல்லிக் குரல் செய்தியாக அனுப்பியிருந்தேன். “வாங்கக்கா. குரல் பெருசா இருந்துச்சு. ஆளு பெருசா இருப்பீங்கன்னு நெனச்சேன்,” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆய்வகத் தலைவர் டாக்டர் டான் வாசலுக்கே வந்து, எது வேண்டுமானாலும் பரிதாவைக் கேளுங்கள், எலிகள் அவள் பேச்சைத்தான் கேட்கின்றன என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

குளித்து, உடை மாற்றி, முகமூடி போட்டு உள்ளே போனோம். பரிதா ஒரு கூண்டைத் திறந்து, சிரிஞ்சோடு உள்ளங்கையை உள்ளே நீட்டி, சும்மா வைத்திருந்தாள். ஓர் எலி வந்தது. மணிக்கட்டின் மேல் முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்று, சிரிஞ்சின் முனையைத் தானே தேடிப் பிடித்து நக்கியது. கடைசிச் சொட்டு தீர்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது. அடுத்த கூண்டில் இரண்டு எலிகள் கம்பியில் தொற்றிக்கொண்டு காத்திருந்தன. அதே மருந்துதான். நாக்கில் பட்டால் வேப்பங்கொட்டை தோற்கும் கசப்பு. எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையும் வந்தது. முகமூடி இருந்ததால் தெரியவில்லை.

“முதல் நாள்லேர்ந்தே இப்படித்தானா?” என்று கேட்டேன்.

“மொதல்ல வராதுக்கா. பிடிச்சப்புறம் ஒரு பிரச்சினையும் இல்ல.”

பிடிப்பது எனக்குப் புதிதா என்ன, பதினெட்டு வருஷமாக அதைத்தானே செய்கிறேன். சரி, அதில் வித்தியாசமில்லை என்று குறித்துக்கொண்டேன். மிச்சம் இருப்பது பால்.

பரிதாவின் பால் டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். இங்கே தேநீர்க் கடைகளில் ஊற்றுகிற மலிவான டின். பாலோடு பாமாயிலும் சேர்த்திருந்தது. பிடித்துவிட்டேன் திருடனை என்று துள்ளினேன். சென்னையில் நாங்கள் வாங்கும் டின் ஒன்றைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். புதன்கிழமை அதைக் கரைத்து, மருந்தைக் கலந்து, பரிதாவிடம் கொடுத்து நீட்டச் சொன்னேன். பினாங்கு எலிகள் சென்னைப் பாலையும் அதே சந்தோஷத்தோடு நக்கின. ஒன்று கொட்டாவி வேறு விட்டது.

அன்றைக்கு முழுவதும் இப்படியே போயிற்று. தண்ணீரா, விளக்கு வெளிச்சமா, மருந்து கொடுக்கும் நேரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. சாயங்காலம் மழை கொட்டியது. வாடகைக் கார் எதுவும் வரவில்லை. “கிலாங் பஸ்ல வாங்கக்கா,” என்று பரிதா என்னைத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தில் ஏற்றிவிட்டாள். உள்ளே பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பேருந்தில் இத்தனை பேர் இருந்தால் ஒரு சண்டையாவது நடந்திருக்கும். இங்கே மலாய்ப் பெண் ஒருத்தி தன் பக்கத்து இருக்கைக்காரியின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள். இருவருக்கும் முன்பின் பழக்கம்கூட இல்லையாம்.

பாலத்தில் வண்டி நின்றேவிட்டது. ஈரச் சேலையோடு உட்கார்ந்து, நான் சின்ன வயதில் மருந்து குடித்த கதையைப் பரிதாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர் கையைக் காலை அமுக்கிக்கொள்ள, மூன்றாவது ஆள் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெயை ஊற்றுவார்.

“எங்க வீட்லயும் அப்டிதான் லா. அதான் எனக்கு இன்னிக்கும் மருந்து பாட்டில் மூடியத் தொறந்தாலே வாந்தி,” என்று பரிதா சிரித்தாள். “நீங்க சொன்ன முறை நல்லா இருந்துச்சுக்கா. எலிக்குச் சொன்னத எங்க அம்மா கேட்டிருக்கணும்.”

நான் எந்த முறையைச் சொன்னேன் என்று அப்போதே கேட்டிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். களைப்பில் தலையை மட்டும் ஆட்டினேன்.

வியாழக்கிழமை. இனி ஒரு நாள்தான். காலையிலேயே சென்னைக்குப் பேசியபோது, குழாய்களைக் கொதிக்க வைத்து எடுத்து வைக்கச் சொல்லிவிட்டதாக இயக்குநர் சொன்னார். அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வேறு வழி தெரியாமல், பரிதாவின் தினசரிப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து வாங்கிப் படித்தேன். அழகான கையெழுத்து. தேதி, கூண்டு எண், எலி எண், கொடுத்த பாலின் அளவு, மருந்தின் அளவு என்று ஐந்து பத்திகள்.

மருந்துப் பத்தியில் முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாள் பூஜ்யம். பக்கத்தைப் புரட்டினேன். பத்து நாளும் பூஜ்யம். பதினோராம் நாளில்தான் மருந்தே வருகிறது.

“பரிதா, பத்து நாளா வெறும் பாலா கொடுத்தீங்க?”

“ஆமாக்கா.”

“ஏன்?”

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். “நீங்கதானக்கா சொன்னீங்க? பிடிச்சப்புறம்தான் மருந்துன்னு. செலதுக்கு நாலு நாள்ல பிடிச்சிருச்சு. செலது பத்து நாள் இழுத்துச்சு. எல்லாத்துக்கும் பிடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன்.”

“நான் எப்ப அப்படிச் சொன்னேன்?”

வெளியே வந்து அவளுடைய கைப்பேசியை எடுத்து, பழைய குரல் செய்தியைத் தேடிப் போட்டாள். பின்னணியில் சென்னைப் பேருந்தின் ஹாரன். அதற்கு மேலே என் குரல் கத்தியது: “அவசரப்படாதீங்க பரிதா. முதல்ல பிடிக்கணும். பிடிச்சப்புறம்தான் மருந்து. பிடிக்காம கொடுத்தா அத்தனையும் வீணாயிடும்.”

எலியைக் கையில் பிடிக்க வேண்டும், பிடித்துக்கொண்ட பிறகு மருந்தை நீட்ட வேண்டும், பிடிக்காமல் நீட்டினால் சிந்திப்போகும். இதுதான் நான் சொன்னது. எலிக்குப் பால் பிடித்துப்போக வேண்டும், பிடித்த பிறகு மருந்தைக் கலக்க வேண்டும், பிடிக்காததைக் கொடுத்தால் வீண். இதுதான் பரிதா கேட்டது. ஒரு சொல் கூட மாறவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன். இந்தத் தடவை பரிதா கேட்டபடியே எனக்கும் கேட்டது.

மூன்று நாளாகத் தண்ணியையும் பசியாறலையும் கேட்டு இவர்கள் தமிழைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பதினெட்டு வருஷமாக எலி என்றதும் எனக்கு மனசில் ஓடுகிற முதல் சொல் பிடிப்பதுதான். மென்மையான வழி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, பிடரியை இறுக்கிப் பிடித்தபடி, முதல் நாளே கசப்பைக் கொண்டுபோய் மூக்கில் இடித்திருக்கிறேன். எங்கள் வீட்டு விளக்கெண்ணெய்க்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? குழாய் ஒன்றுதான் குறைச்சல்.

பரிதாவின் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப நான் செஞ்சது தப்பாக்கா? வேலைக்கு ஒன்னும் ஆயிடாதே?”

“நீங்க செஞ்சது தப்பா இருந்தா நான் எதுக்கும்மா கடல் தாண்டி வந்து உங்ககிட்ட நிக்கறேன்?” என்றேன். டாக்டர் டானிடம் நேராகப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் தான் சரிபார்த்துப் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்தார், பூஜ்யங்களைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் மொழி ஆபத்தானது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார். செய்முறையில் தெளிவில்லாமல் சொன்னது நான் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சென்னைக்குப் போன் செய்தேன்.

“கண்டுபிடிச்சாச்சு சார். மருந்து இல்லாம வெறும் பால் கொடுத்துப் பழக்கணும். நல்லா பிடிச்சுப்போன பிறகு மருந்து கலக்கணும். கையால இறுக்கவே கூடாது. பத்து நாள் வேணும்.”

“பத்து நாள் வெறும் பாலா? எலிக்கு என்ன தலைதீபாவளியா கொண்டாடறோம்?” என்றார். “சரி, தப்பு எங்க நடந்தது?”

“என் வாயில, சார்.”

மறுமுனையில் அவர் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. “ஒரு வாரம் தர்றேன். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. இருபத்துநாலுல ரெண்டு எலிதான் உபரி. மீதி இருபத்திரெண்டும் மருந்தை முழுசா நக்கியாகணும். ஒண்ணு குறைஞ்சாலும் எல்லாத்துக்கும் குழாய். பாதிக்கு இப்படி, பாதிக்கு அப்படின்னு ஆய்வு நடத்த முடியாது. உங்களுக்கே தெரியும்.”

எனக்கே தெரியும். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பரிதா என்னைக் கூண்டுக்கு முன்னால் உட்கார வைத்தாள். “கைய வச்சுட்டு சும்மா இருங்கக்கா. அது வரட்டும்.” வைத்தேன். ஓர் எலி மோப்பம் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தது. அவ்வளவுதான், என் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தானாக வளைந்து அதன் பிடரியைத் தேடின. எலி பின்வாங்கிப் போய்விட்டது. குழாயையே பார்க்காத எலி அது. என் விரலைப் பார்த்தே புரிந்துகொண்டது. “ஐயோ, அக்கா,” என்று பரிதா மெதுவாகச் சொன்னாள். அன்று காலை முழுக்க நான் விரலை நீட்டிவைத்திருக்கப் பழகினேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அது குழாய் இறக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

என் எலிகளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவை ஏற்கெனவே கசப்பைக் குடித்துத் துப்பியவை. “அந்தப் பால் வாசனையே அதுங்களுக்கு மருந்துன்னு பதிஞ்சிருக்கும்க்கா. வாசனைய மாத்துங்க,” என்றாள் பரிதா. மதியம் ஜெலுத்தோங் சந்தைக்கு எதிரே ஒரு கடையில், பலகாரத்துக்குப் போடும் வாழைப்பழ எசென்ஸ் சின்னக் குப்பி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். இரண்டு சொட்டுப் போதுமாம். அப்படியே என்னை வீட்டுக்கு இழுத்துப் போய், சோறு போட்டு, விமான நிலையத்துக்கு வண்டியும் பிடித்துவிட்டாள். ஓட்டுநரிடம், “அக்கா தூங்கிருவாங்க. நீங்க தூங்கிராதீங்க,” என்றாள். சொன்னபடியே நான் தூங்கினேன்.

சென்னையில் திங்கட்கிழமை தொடங்கினேன். முதல் நாள் ஒன்றுகூட வரவில்லை. வாழைப்பழ வாசனைப் பாலை நீட்டிக்கொண்டு இருபத்துநாலு முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றைக் குறை சொல்ல முடியுமா? இரண்டாம் நாள் ஒன்று வந்தது. நான்காம் நாள் ஒன்பது. ஒவ்வொரு கூண்டுக்கும் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கை மரத்துப்போகும் வரை வைத்திருப்பேன். வீட்டில் சமையலே நடக்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் இருபத்தொன்று வந்துவிட்டன. மிச்சம் மூன்றில் இரண்டு, உமிக்குள் புதைந்துகொண்டு தலையைக்கூட வெளியே காட்டாதவை. மூன்றாவது பதினேழாம் எண். பாதி தூரம் வரும், நின்று மோப்பம் பிடிக்கும், திரும்பிவிடும். ஒரு வாரமாக அதே பாதி தூரம்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மருந்தைக் கலந்தேன். ஒவ்வொன்றாக நீட்டினேன். முதல் எலி நக்கியது, நிறுத்தியது, மூக்கைத் துடைத்துக்கொண்டது. மறுபடியும் வந்து முழுவதும் குடித்து முடித்தது. இருபத்தொன்றும் குடித்து முடிக்க எட்டரை மணியாயிற்று. கடைசியாகப் பதினேழாம் எண்ணின் கூண்டைத் திறந்து சிரிஞ்சோடு கையை உள்ளே வைத்தேன். மேசையின் மறுகோடியில், கொதிக்க வைத்த குழாய்கள் தட்டில் வரிசையாக இருந்தன.

ஒன்பதரை ஆயிற்று. முதுகு விட்டுப்போயிற்று. பதினேழு பாதி தூரம் வந்தது, திரும்பியது. மறுபடியும் வந்தது, திரும்பியது. பத்து மணிக்குக் கதவு திறந்து இயக்குநர் உள்ளே வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

“என்ன வசந்தி, எத்தனை?”

வாயைத் திறந்தால் அது ஓடிவிடும். பதினேழு என் சுண்டுவிரலை மோந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு முன்னங்காலை விரலின் மேல் வைத்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றையும் வைத்தது. அதன் பாரம் என் விரலில் தெரிந்தது. சிரிஞ்சின் முனையில் நாக்கு பட்டது. பின்னால் இயக்குநர் மூச்சுவிடும் சத்தம் நின்றுபோனது. கசப்புக்கு ஒரு தடவை தலையை உதறியது. நான் அசையவில்லை. மறுபடியும் நக்கத் தொடங்கி, சிரிஞ்சு காலியாகும் வரை நிறுத்தவில்லை.

“இருபத்திரெண்டு, சார்,” என்றேன்.

அவர் மேசைக்குப் போய், குழாய்த் தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, அதைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே போனார்.